நோய்க்கு எடுக்கும் பி.எஃப்.: வரி போகும் வழியும் போகாத வழியும்

வீட்டில் ஒருவருக்கு அறுவை சிகிச்சை என்றால் நம் பக்கத்தில் முதலில் எழும் பேச்சு, "கம்பெனியில நின்னுட்டு பி.எஃப்.ஐ எடுத்துரு" என்பதுதான். சேவூர் கைகாட்டியில் காலையில் கம்பெனி வண்டிக்காக நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். டைலரோ, செக்கிங் பெண்ணோ, அயர்ன் மாஸ்டரோ, பாதிப் பேராவது இந்த யோசனையைச் சொல்லியிருப்பார்கள் அல்லது கேட்டிருப்பார்கள்.

யோசனை நல்ல மனதோடு சொல்லப்படுவதுதான். ஆனால் அதன்படி நடப்பவர் ஒரே நேரத்தில் வேலை, ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பு, பென்ஷனுக்கான சேவைக் கணக்கு ஆகிய மூன்றையும் பணயம் வைக்கிறார். அதற்கு மேல் எடுத்த பணத்தில் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் ஐந்தில் ஒரு பங்கு, வரியாகப் பிடிக்கப்பட்டுவிடுகிறது. வருமான வரி கட்டும் அளவுக்கு ஒருநாளும் சம்பாதித்திராத ஒருவரின் மருத்துவப் பணத்தில் வரி எப்படி வந்தது? இதைப் புரிந்துகொள்ளாமல் போவதால் அதிகம் இழப்பவர்கள் யார்? இந்தப் பத்தியில் அதைத்தான் பேசுகிறோம்.

பி.எஃப். பணத்தை நோய்க்காக எடுக்க இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் ஒன்று என்று நினைப்பதில்தான் முதல் தவறு நடக்கிறது.

முதல் வழி, வேலையில் இருந்துகொண்டே எடுக்கும் முன்பணம். 1952-ஆம் ஆண்டு தொழிலாளர் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் 68ஜே பத்தி இதற்கானது. ஒரு மாதமோ அதற்கு மேலோ மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தால், பெரிய அறுவை சிகிச்சை என்றால், காசநோய், தொழுநோய், பக்கவாதம், புற்றுநோய், மனநோய், இதயநோய் என்றால் இதைக் கேட்கலாம். தொழிலாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்தில் ஒருவருக்கு வந்தாலும் கேட்கலாம். ஆறு மாதச் சம்பளம் அல்லது தொழிலாளியின் சொந்தப் பங்கும் அதன் வட்டியும், இவற்றில் எது குறைவோ அது கிடைக்கும். இத்தனை ஆண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இந்தப் பத்தியில் இல்லை. திருப்பிக் கட்டவும் வேண்டாம். 2017-க்குப் பிறகு மருத்துவர் சான்று, முதலாளி கையெழுத்து என்று அலையவும் தேவையில்லை. சுய உறுதிமொழி போதும்.

இரண்டாவது வழி, வேலையை விட்டுவிட்டு, குறிப்பிட்ட காலம் வேலையின்றி இருந்து, முழுக் கணக்கையும் முடித்து எடுப்பது. ஊரில் பெரும்பாலோருக்குத் தெரிந்த வழி இதுதான். வரி வருவதும் இந்த வழியில்தான்.

வருமான வரிச் சட்டத்தின் கணக்கு இப்படி: ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வேலை பார்த்தவர் வேலையை விட்டு எடுக்கும் பி.எஃப். தொகைக்கு வரி கிடையாது. ஐந்து ஆண்டு நிறையாமல் எடுத்தால் அது வருமானமாகக் கருதப்படும். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 192ஏ என்ற பிரிவு 2015-இல் சேர்க்கப்பட்டது. ஐந்து ஆண்டுக்குள் எடுக்கும் தொகை வரம்பைத் தொட்டால், கையில் கொடுப்பதற்கு முன்பே 10 சதவீதம் பிடித்துக்கொள்ளச் சொல்கிறது அந்தப் பிரிவு. முதலில் 30,000 ரூபாயாக இருந்த வரம்பு 2016 ஜூன் முதல் 50,000 ரூபாய் ஆனது. பான் எண் கொடுக்காதவரிடம் ஒரு காலத்தில் 34 சதவீதத்துக்கு மேல் பிடித்தார்கள். 2023 ஏப்ரலில் அது 20 சதவீதமாகக் குறைந்தது. 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆகவே எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டாம், விஷயத்தை நினைவில் வைத்தால் போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பி.எஃப்.க்குக் காட்டப்படும் சம்பளம் மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் பங்கு 12 சதவீதம், அதாவது 1,440 ரூபாய். கம்பெனியும் அதே 1,440 ரூபாய் கட்டும். ஆனால் அதில் சுமார் 1,000 ரூபாய் பென்ஷன் கணக்குக்குப் போய்விடும். பி.எஃப்.இல் சேர்வது 440 ரூபாய்தான். மூன்று ஆண்டு முடிவில் தொழிலாளியின் பங்கு 51,840, கம்பெனியின் பங்கு 15,840, மொத்தம் 67,680 ரூபாய். வட்டி தனி.

இவர் வேலையில் இருந்துகொண்டே பெரிய அறுவை சிகிச்சைக்கு முன்பணம் கேட்டால், ஆறு மாதச் சம்பளமான 72,000-ஐ விடச் சொந்தப் பங்கு குறைவு என்பதால், 51,840 ரூபாயும் அதன் வட்டியும் வரிப் பிடித்தம் இல்லாமல் வரும். வேலை இருக்கும். ஈ.எஸ்.ஐ. இருக்கும். பென்ஷன் சேவை ஓடிக்கொண்டிருக்கும். இவரே வேலையை விட்டுவிட்டு முழுத் தொகையை எடுத்தால், வட்டியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் 6,768 ரூபாய் பிடிக்கப்படும். பான் எண் கணக்கில் இணைக்கப்படவில்லை என்றால் 13,536 ரூபாய். ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல்! மருத்துவமனைக் கட்டணத்துக்கு அந்தப் பணம் போதாமல் போய், அதே தொகைக்கு வட்டிக்காரரிடம் போய் நிற்க வேண்டியதுதான்.

2025 பட்ஜெட்டுக்குப் பிறகு, புதிய வரி முறையில் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர் வரி கட்ட வேண்டியதில்லை. மாதம் ஒரு லட்சம் வாங்குபவருக்கு வரி இல்லை, மாதம் 12,000 வாங்குபவரின் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு பிடித்தம். "அது வரியல்ல, முன்கூட்டிப் பிடிப்பதுதான், கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும்" என்று அதிகாரிகள் சொல்வார்கள். சட்டப்படி அது உண்மை. ஆனால் படுத்த படுக்கையில் இருக்கும் டையிங் தொழிலாளி, அடுத்த ஆண்டு ஜூலைக்குள் ஆன்லைனில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்குவார் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்? பான் எண் இல்லாமல் பிடித்த பணம் யார் பெயரிலும் ஏறாது என்பதால், அதைத் திரும்பக் கேட்க ஏறக்குறைய வழியே இல்லை.

இது எல்லாத் தொழிலாளருக்கும் பொதுவான பிரச்சினைதானே, தலித் விவகாரங்களுக்கான பத்தியில் ஏன் என்று கேட்கலாம். காரணம் உண்டு.

நோய் வந்தால் நிலம் உள்ளவர் நிலத்தின் பேரில் கடன் வாங்குவார். நகை உள்ளவர் அடகு வைப்பார். சொந்தபந்தத்தில் வசதி உள்ளவர் கைமாற்று வாங்குவார். தலைமுறை தலைமுறையாகப் பண்ணையத்தில் கூலியாக இருந்துவிட்டு, கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் பனியன் கம்பெனிக்கு வந்த அருந்ததியர் குடும்பத்துக்கும் மற்றப் பட்டியல் இனக் குடும்பங்களுக்கும் இந்த மூன்றும் பெரும்பாலும் இல்லை. தன் பெயரில், வேறு யாரும் கைவைக்க முடியாதபடி இருக்கும் ஒரே சேமிப்பு பி.எஃப். கணக்குதான்.

இந்தப் பகுதிக் கிராமங்களில் பல ஆண்டுகள் ஆய்வு செய்த சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் இருவரும் ஒரு வேறுபாட்டை எழுதியிருக்கிறார்கள். திருப்பூர் பனியன் வேலைக்குப் போக முடிந்த தலித்துகள் ஊர்ச் சாதிப் பிடியிலிருந்து ஓரளவு விலகி நிற்க முடிந்தது. விசைத்தறிக்குப் போனவர்களோ தறி உரிமையாளரிடம் வாங்கிய முன்பணத்தால் கட்டுண்டு கிடந்தார்கள். அந்த முன்பணம் எதற்காக வாங்கப்படுகிறது என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்யாணம், வீடு, வைத்தியம்.

'அட்வான்ஸ்' என்ற ஒரே சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள். தறிக்காரர் கொடுக்கும் அட்வான்ஸ் அடுத்தவர் பணம். அது தீரும்வரை காலைக் கட்டிப்போடும். பி.எஃப். அட்வான்ஸ் நம் சொந்தப் பணம். யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம், திருப்பித் தரவும் வேண்டாம். இந்த இரண்டாவது அட்வான்ஸ் தெரியாததால் முதல் அட்வான்ஸில் போய் விழுகிறவர்கள் இருக்கும் வரை, இது சாதியோடு சேர்ந்த விஷயம்தான்.

அடுத்தது, ஐந்து ஆண்டுத் தொடர் சேவை என்ற நிபந்தனை. அலுவலக வேலையில் இருப்பவருக்கு அது பெரிதல்ல. நம் மக்களின் வேலையைப் பாருங்கள். நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் இளம் பெண்கள் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் தலித் குடும்பப் பெண்கள் ஏராளம் என்பதை 2011-இல் வெளியான சர்வதேச ஆய்வறிக்கை ஒன்றும் பதிவு செய்தது. மூன்று ஆண்டு என்றாலே ஐந்து ஆண்டு வரம்புக்குள் அவர்கள் வரவே மாட்டார்கள். உள்ளாட்சிகளில் ஒப்பந்தத் தூய்மைப் பணி செய்வோர் ஒரே தெருவைப் பத்து ஆண்டு கூட்டினாலும், ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் புதிய ஆளாகப் பதியப்படுகிறார்கள். கம்பெனியில் ஆர்டர் இல்லாவிட்டால் வேறு கம்பெனி, பீஸ் ரேட் கூடினால் இன்னொரு கம்பெனி. வேலை விட்டுவிட்டு நடப்பது அவர்கள் விருப்பத்தால் அல்ல, தொழில் அப்படி.

சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. பழைய கம்பெனியின் பி.எஃப். இருப்பைப் புதிய கம்பெனிக் கணக்குக்கு மாற்றினால், பழைய சேவையும் ஐந்து ஆண்டில் சேரும். 2014-இல் வந்த யு.ஏ.என். எண்ணின் நோக்கமே ஆளுக்கு ஒரு எண் என்பதுதான். நடைமுறையில் சேர்க்கும்போது பழைய எண்ணைக் கேட்காமல் புது எண் போட்டுவிடுகிறார்கள். தொழிலாளியும் சொல்வதில்லை. இரண்டு ஆண்டு ஒரு எண்ணிலும் மூன்று ஆண்டு இன்னொன்றிலும் கிடக்கும்போது, ஐந்து ஆண்டு உழைத்தவர் ஐந்து ஆண்டு உழைக்காதவர் ஆகிறார்.

இன்னொரு விலக்கும் சட்டத்தில் இருக்கிறது. தன் உடல்நலக் குறைவால் வேலை முடிவுக்கு வந்தால், கம்பெனி மூடப்பட்டால் அல்லது தொழில் சுருங்கினால், தன் கையில் இல்லாத வேறு காரணத்தால் வேலை போனால், ஐந்து ஆண்டு நிறையாவிட்டாலும் வரி கிடையாது. நோயாளித் தொழிலாளியைக் காக்க எழுதப்பட்ட வரி இது. ஆனால் வேலை முடிந்த காரணத்தைக் கம்பெனி பதியும்போது, பெரும்பாலும் 'ராஜினாமா' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லால் விலக்கு போய்விடுகிறது.

இந்த விலக்கிலும் ஒரு ஓட்டை உண்டு. தொழிலாளியின் சொந்த நோய்க்குத்தான் அது பொருந்தும். மாமியாருக்குப் பக்கவாதம், குழந்தைக்கு இதயத்தில் ஓட்டை என்று வேலையை விட்டு வீட்டில் உட்காரும் பெண்ணுக்கு அது வெளிப்படையாகப் பொருந்தாது. முன்பணம் கொடுக்கும்போது குடும்பத்தின் நோயையும் நோயாக ஏற்கும் அரசு, வரி என்று வரும்போது தொழிலாளியின் உடம்பை மட்டும் பார்க்கிறது. நம் வீடுகளில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேலையை விடுவது யார்? பெண்கள்தான். வரி விழுவதும் அவர்கள் மேல்தான்.

மறுபக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். வைப்பு நிதி முதுமைக்கானது. இளவயதில் எடுத்துச் செலவழித்துவிட்டால் அறுபதில் கையில் ஒன்றும் இருக்காது. அதைத் தடுக்க ஒரு வேலி தேவை என்ற வாதம் சரியானதே. உலகின் பல நாடுகளில் இப்படி வேலி உண்டு. அமெரிக்காவில் ஓய்வுக்காலக் கணக்கிலிருந்து 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10 சதவீதம் கூடுதல் வரி விதிக்கிறார்கள். ஆனால் மருத்துவச் செலவு வருமானத்தில் 7.5 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய அளவுக்கு அந்தக் கூடுதல் வரி இல்லை. நம் சொந்தங்கள் ஏராளமாக வாழும் மலேசியாவில் கடும் நோய்க்கென்று சேமநிதியிலிருந்து எடுக்கத் தனி வழியே வைத்திருக்கிறார்கள். வீண் செலவுக்கு எடுப்பவரைத் தடுக்கும் வேலி, உயிரைக் காக்க எடுப்பவரையும் குத்தக் கூடாது என்பதுதான் இவற்றின் பொருள்.

விதிகளும் மாறிக்கொண்டிருக்கின்றன. 2025 அக்டோபர் 13 அன்று கூடிய வைப்பு நிதி மத்திய அறங்காவலர் குழு, முன்பணத்துக்கான 13 விதிகளை ஒன்றாக்கவும், கம்பெனியின் பங்கையும் சேர்த்துக் கொடுக்கவும், 25 சதவீதத்தைக் கணக்கில் நிறுத்திவைக்கவும் முடிவெடுத்தது. கம்பெனிப் பங்கும் கிடைப்பது நல்ல மாற்றம். ஆனால் எல்லாப் பகுதித் தொகைகளுக்கும் 12 மாதச் சேவை என்று அறிவிப்பு சொல்கிறது. வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் இது சலுகை. நோய்க்கு முன்பு சேவை நிபந்தனையே இல்லையே! சேர்ந்த ஆறாம் மாதத்தில் புற்றுநோய் வந்தால் என்ன செய்வது? இதை அறங்காவலர் குழுவில் உள்ள தொழிற்சங்கப் பிரதிநிதிகள் விடாமல் கேட்க வேண்டும். விண்ணப்பிக்கும் அன்று எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டு விண்ணப்பிப்பது நல்லது.

பி.எஃப்.ஐத் தொடுவதற்கு முன் தட்ட வேண்டிய கதவுகள் இரண்டு. ஒன்று ஈ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கும் தொழிலாளியிடம் 0.75 சதவீதமும் கம்பெனியிடம் 3.25 சதவீதமும் பெற்றுக்கொண்டு, குடும்பத்துக்கே மருத்துவம் தரும் திட்டம் அது. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள்வரை 70 சதவீதச் சம்பளமும், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு அதற்கு மேலும் உண்டு. வேலையை விட்டுவிட்டால் இது நின்றுவிடும். நோய் வந்ததும் வேலையை விடாதீர்கள் என்று மீண்டும் மீண்டும் சொல்வது இதனால்தான். இன்னொன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இந்த இரண்டும் கைவிட்ட பிறகே பி.எஃப்.

தொழிலாளிக்குக் கிடைக்கும் இந்தப் பாதுகாப்புகள் யாரோ போட்ட பிச்சை அல்ல. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை டாக்டர் அம்பேத்கர் கையில் இருந்தது. அந்தக் காலத்தில்தான் ஆலைத் தொழிலாளருக்கான மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேராசிரியர் பி.பி. ஆதார்கர் அறிக்கை தயாரித்தார். 1948-இன் ஈ.எஸ்.ஐ. சட்டம் அதிலிருந்து வளர்ந்தது. ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போடும் நாம், அந்தத் துறையில் விதைத்தவற்றின் பலன் தொழிலாளியின் கைக்கு முழுதாக வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அரசிடம் கேட்பவை நான்கு. ஐந்து ஆண்டு நிறையாமல் மருத்துவக் காரணத்துக்காக எடுக்கும் தொகையில், அது குடும்பத்தின் நோயாக இருந்தாலும், வரிப் பிடித்தம் கூடாது. 2016-இல் வைத்த 50,000 ரூபாய் வரம்பை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்த வேண்டும். ஒப்பந்ததாரர் மாறினாலும் பணியிடம் மாறாத தொழிலாளியின் சேவையைத் தொடர் சேவையாகக் கொள்ள வேண்டும். படிவமும் விளக்கமும் தமிழில் இருக்க வேண்டும். கம்பெனிகளிடம் கேட்பது ஒன்றே ஒன்று: நோயால் நின்றவரை 'ராஜினாமா' என்று பதியாதீர்கள்.

சட்டம் மாறும்வரை நாம் செய்துகொள்ள வேண்டியவையும் உண்டு. ஆதார், பான், பி.எஃப். மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் முருகம்மாள், இன்னொன்றில் முருகாம்பாள் என்று இருந்தால், ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருக்கும்போது திருத்த முடியாது. பானை ஆதாருடன் இணையுங்கள். இணைக்காத பான், இல்லாத பானுக்குச் சமம். கம்பெனி மாறினால் பழைய யு.ஏ.என். எண்ணையே கொடுத்து இருப்பை மாற்றுங்கள். ஐந்து ஆண்டுக்குள் முழுத் தொகை எடுத்தே தீர வேண்டும் என்றால், வரி கட்டும் வருமானம் இல்லாதவர் அதற்கான உறுதிமொழிப் படிவத்தையும் பான் எண்ணையும் சேர்த்துக் கொடுங்கள். பிடித்தம் வராது. ஏற்கெனவே பிடித்துவிட்டால், பான் இருக்கும்பட்சத்தில் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். மாதந்தோறும் 27-ஆம் தேதி வாக்கில் மாவட்டங்களில் வைப்பு நிதி அலுவலகத்தின் குறைதீர் முகாம் நடக்கிறது. சம்பளத்தில் பிடித்த பணம் கணக்கில் ஏறவில்லை என்றால் அங்கே எழுதிக் கொடுங்கள். ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே பொறுப்பு.

இதில் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் பெரிய வேலை இருக்கிறது. உங்கள் அம்மாவின் போனில் பதிவு செய்த எண்ணிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால், பி.எஃப். இருப்பு குறுஞ்செய்தியாக வரும். வரவில்லை என்றால் எங்கோ ஏதோ இணைக்கப்படவில்லை என்று பொருள். அதை இந்த வாரமே சரிசெய்யுங்கள். உங்கள் வீட்டை முடித்துவிட்டுப் பக்கத்து வீட்டையும் கேளுங்கள். ஒரு தெருவுக்குக் கல்லூரி மாணவர் ஒருவர் இதை எடுத்துச் செய்தால், அடுத்து யாருக்காவது நோய் வரும்போது "கம்பெனியில நின்னுரு" என்ற யோசனைக்குப் பதிலாக, "நிக்காதே, முன்பணம் போடு" என்ற யோசனை அந்தத் தெருவில் எழும்.